பனியனும் பீப்பாயும்

2025 ஆகஸ்ட் 27 முதல், திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பனியன்கள் மீது வழக்கமான சுங்கவரிக்கு மேல் இன்னொரு 50 சதவீதம் விழுந்தது. அதில் பாதிக்குச் சொல்லப்பட்ட காரணத்துக்கும் துணிக்கும் தொடர்பே இல்லை. இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறது, ஆகவே 25 சதவீதம் கூடுதல் வரி என்றது வெள்ளை மாளிகையின் ஆணை. ஓவர்லாக் மிஷின் முன் உட்கார்ந்து பனியனின் தோள்பட்டையை மூட்டும் பெண்ணுக்கும், குஜராத் கடற்கரையில் வந்து நிற்கும் எண்ணெய்க் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? திருப்பூர் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. ஆகவே அந்தச் சம்பந்தம் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் விளங்கிவிட்டது. பையர்கள் விலையைக் குறைக்கச் சொன்னார்கள், ஆர்டர்களை நிறுத்தி வைத்தார்கள். ஓவர்டைம் நின்றது.

எண்ணெயையும் ஆடையையும் ஒரே கயிற்றில் கட்டியது அந்த ஆணை மட்டுமல்ல. 1974 ஜனவரி 1 அன்று இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடந்தன. வளைகுடா நாடுகள் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயின் அறிவிப்பு விலையை 5.11 டாலரிலிருந்து 11.65 டாலராக உயர்த்தியது அன்றுதான் அமலுக்கு வந்தது. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளிலிருந்து எவ்வளவு துணிமணி வாங்கலாம் என்று உச்சவரம்பு கட்டிய பல்லிழை ஒப்பந்தமும் அதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. வாங்கியே தீரவேண்டிய பொருளின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய அன்றே, விற்கக்கூடிய பொருளுக்கான வாசல் குறுகியது. வளரும் நாடு ஒன்றின் பொருளாதாரத்தை எண்ணெய் எப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான தேதி கிடைக்காது.

*

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அதை முழுவதும் எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 1,700 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். திடகாத்திரமான ஓர் ஆள் எட்டு மணி நேரம் மண் வெட்டினால், அவர் உடல் தரும் வேலை 0.6 யூனிட் அளவுக்குத்தான் வரும். எஞ்சின் மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தை வீணாக்கிவிடுகிறது என்று கழித்துப் பார்த்தாலும், ஒரு பீப்பாய்க்குள் ஒரு மனிதரின் இரண்டரை ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது. பீப்பாய் 80 டாலர் என்றால் அந்த உழைப்பின் விலை ஏழாயிரம் ரூபாய் வாக்கில். இவ்வளவு மலிவாக இவ்வளவு வேலை செய்யும் பொருள் வேறு இல்லை. அதனால்தான் விலை ஏறினாலும் யாராலும் அதைச் சட்டென்று விட முடிவதில்லை.

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவருக்கு ஓட்டச் செலவில் ஏறக்குறைய பாதி டீசல்தான். டீசல் ஐந்து ரூபாய் ஏறினால் அவர் செய்யக்கூடியது இரண்டே இரண்டு: வாடகையைக் கூட்டலாம், கூட்ட முடியாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டலாம். 1973 நவம்பரில் அடல் பிகாரி வாஜ்பாய் எரிபொருள் விலையேற்றத்தைக் கண்டித்து மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். நாட்டின் சரக்குக்கு அந்த வண்டி போதாது. வாடகை ஏறினால் கோயம்பேட்டுக்கு வரும் தக்காளி ஏறும், செங்கல் ஏறும், முட்டை ஏறும். குடும்பங்கள் அவற்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தபின் வேறு எதற்குச் செலவழிப்பது என்று யோசிக்கும். புதுத் துணி அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போகும். விலைவாசியை அடக்க ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால், தறி வாங்க நினைத்தவர் கடன் வாங்கத் தயங்குவார். வளர்ச்சி விகிதம் குறைகிறது என்று செய்தித்தாளில் ஒரே வரியில் வருவது இப்படிப் பல வீடுகளில், பல பட்டறைகளில் தனித்தனியாக எடுத்த முடிவுகளின் கூட்டுத்தொகை.

நாட்டின் கணக்கு இன்னும் நேரடியானது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 2022-23 நிதியாண்டில் வாங்கியது சுமார் 23 கோடி டன், விலை ஏறக்குறைய 15,700 கோடி டாலர். அடுத்த ஆண்டும் அதே 23 கோடி டன்தான். ஆனால் செலவு 13,300 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. வாங்கிய அளவு அப்படியே இருக்க, 2,400 கோடி டாலர் மிச்சம். இதற்காக இந்தியாவில் யாரும் எந்தச் சிக்கன நடவடிக்கையும் எடுக்கவில்லை, எந்த நிதியமைச்சரும் இதைத் திட்டமிடவில்லை. பீப்பாயின் சராசரி விலை 93 டாலரிலிருந்து 83 டாலருக்கு வந்தது, அவ்வளவுதான். டன்னுக்கு 7.3 பீப்பாய் என்று பெருக்கினால் ஆண்டுக்கு 170 கோடி பீப்பாய். விலையில் ஒரு டாலர் அசைந்தால் 170 கோடி டாலர் அசையும். அதில் ஒரு பகுதி பெட்ரோலாகவும் டீசலாகவும் சுத்திகரிக்கப்பட்டு ஏற்றுமதியாவதால் நிகர அடி சற்றுக் குறையும். அப்படியும், எங்கோ நடக்கும் போரும் எங்கோ கூடும் எண்ணெய் அமைச்சர்களின் கூட்டமும் 140 கோடிப் பேரின் வரவுசெலவை மாற்றுகின்றன.

*

1974-ல் அந்த முதல் அடி விழுந்தபோது இந்தியா என்ன செய்தது என்பது இங்கே முக்கியம். 1974 செப்டம்பரில் மொத்த விலைப் பணவீக்கம் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டு எரிபொருள் கொள்கைக் குழு தன் அறிக்கையில் எண்ணெய்க்குப் பதிலாக நிலக்கரியை நாட்டின் முதன்மை எரிபொருளாக்கச் சொன்னது. சுரங்கங்கள் அப்போதுதான் அரசுடைமையாகியிருந்தன. 1975-ல் தேசிய அனல்மின் கழகம் பிறந்தது. நல்வாய்ப்பாக 1974 பிப்ரவரியில் சாகர் சம்ராட் என்ற துளையிடும் மேடை பம்பாய்க் கடலில் எண்ணெயைக் கண்டுபிடித்தது, இரண்டே ஆண்டில் அது கரைக்கும் வந்தது. ஆனால் பம்பாய் ஹை வயலால் நாட்டின் முழுத் தாகத்தையும் தீர்க்க முடியவில்லை. எண்ணெயிலிருந்து தப்பிக்க நாடு பிடித்த பெரிய கை நிலக்கரியின் கைதான்.

அந்த முடிவைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயமாகாது. டாலர் கையில் இல்லாத நாட்டுக்குத் தன் மண்ணில் கிடைக்கும் எரிபொருள் பாதுகாப்பு. கரியமில வாயு பற்றிய கவலை அன்று ஆய்வகங்களைத் தாண்டி வெளியே வரவில்லை. எனினும் அதன் விளைவு நீண்டது. இன்றும் இந்திய மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ரயில்வே தன் அகலப்பாதைகளை அநேகமாக முழுவதும் மின்மயமாக்கிவிட்டது. அதன் டீசல் தேவை குறைகிறது, அது உண்மையான சாதனை. ஆனால் மேலே ஓடும் கம்பியில் வரும் மின்சாரத்தின் மறுமுனையில் நிலக்கரி எரிகிறது. எண்ணெய்க் கணக்கில் தீர்ந்த கடன் கார்பன் கணக்கில் ஏறிக்கொள்கிறது. எண்ணெய் விலை, உலகமயம், கார்பன் என்ற மூன்றையும் தனித்தனி அத்தியாயமாக எழுதும் பாடநூல்களில் விட்டுப்போவது இதுதான். ஒன்றிலிருந்து தப்பிக்க எடுத்த அடி, பல ஆண்டுகள் கழித்து மற்றொன்றின் பில்லாகத் திரும்பி வருகிறது.

இன்னொரு பெரிய அடி 1990 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கியது. இராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. ஜூலையில் 17 டாலர் வாக்கில் இருந்த பீப்பாய் அக்டோபரில் 40 டாலரைத் தாண்டியது. இந்தியாவுக்கு அடி இரண்டு பக்கமும் விழுந்தது. எண்ணெய் இறக்குமதிச் செலவு ஓராண்டில் பாதிக்கு மேல் கூடியது. குவைத்திலும் இராக்கிலும் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அம்மானுக்குச் சாலை வழியே வந்து, அங்கிருந்து விமானமேறி வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். சாதாரண காலத்தில் எண்ணெய் விலை ஏறினால் வளைகுடாவில் கட்டடங்கள் எழும், அங்கே இந்தியர்களுக்கு வேலை கூடும், ஊருக்கு வரும் பணமும் பெருகும். எண்ணெய்க்குப் போன டாலரில் ஒரு பகுதி கொத்தனார் மூலமும் நர்ஸ் மூலமும் திரும்பி வரும். 1990-ல் அந்த வழியும் அடைபட்டது.

1991 ஜூனில் கையிருப்பில் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் காணும். மே மாதம் ஸ்டேட் வங்கி மூலம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்தின் யூனியன் வங்கியிடம் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கி 46.91 டன் தங்கத்தை வெளியே அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் சுமார் 40 கோடி டாலர் திரட்டியது. அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். அரிசி வாங்கத் தாலியை அடகு வைக்கும் வீட்டின் அவமானத்தை நாடு முழுவதும் உணர்ந்தது. ஜூலை 1, 3 ஆகிய இரண்டு நாளில் ரூபாயின் மதிப்பு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறக்கப்பட்டது. ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் தம் முதல் பட்ஜெட்டைப் படித்தார். அந்த நிதியாண்டின் வளர்ச்சி ஒரு சதவீதத்தைத்தான் சற்றே தாண்டியது.

இந்திய உலகமயத்தின் கதவு இப்படித்தான் திறந்தது. பேராசிரியர்களின் வாதங்கள் பல ஆண்டுகளாக நடந்தன. ஆனால் தாழ்ப்பாளைக் கழற்றிய கை எண்ணெய் விலையின் கை.

*

திருப்பூர் அதற்கு முன்பே ஏற்றுமதி பழகிய ஊர். 1970-களின் இறுதியில் வெள்ளை டி-ஷர்ட் தேடி இத்தாலியிலிருந்து ஒரு கொள்முதல்காரர் வந்ததாக ஊரில் சொல்வார்கள். 1985-ல் மொத்த ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 1991-ல் ரூபாய் மதிப்பு இறங்கியதும், டாலரில் விற்று ரூபாயில் கூலி கொடுக்கும் ஊருக்கு ஒரே வாரத்தில் லாபக் கணக்கு மாறியது. பிறகு 2005 ஜனவரி 1 அன்று பல்லிழை ஒப்பந்தத்தின் மிச்சமும் ஒழிந்தது. 2024-25-ல் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாய் அளவை எட்டியது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்த ஆண்களும் பெண்களும் அங்கே வேலை பார்க்கிறார்கள். உலகமயம் வளர்ச்சியைத் தருமா என்று கேட்பவருக்குக் காட்ட இதைவிடக் கண்கூடான ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

நொய்யல் ஆற்றைக் காட்டினால் கதை மாறும். சாயப்பட்டறைகளின் கழிவு உப்போடும் நிறத்தோடும் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியானது. கீழே கரூர் வரைக்கும் கிணறுகள் உவர்ந்தன, தென்னை கருகியது. தாங்கள் கேட்ட அணையையே திறக்காதீர்கள் என்று விவசாயிகள் மன்றாட வேண்டிவந்தது.

1991-ல் ஜீன் கிராஸ்மன், ஆலன் குருகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தகத்தின் சுற்றுச்சூழல் விளைவுகளை ஆராய்ந்தபோது ஒரு சுவையான வடிவத்தைக் கண்டார்கள். நாடு ஏழ்மையிலிருந்து எழும்போது காற்றில் கந்தக டையாக்சைடு கூடுகிறது. தனிநபர் வருமானம் அன்றைய மதிப்பில் நாலைந்தாயிரம் டாலரை எட்டியபின் குறைகிறது. கவிழ்த்த கிண்ணம் போன்ற இந்தக் கோட்டுக்குப் பிறகு பொருளியலாளர் குஸ்நெட்ஸின் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் வளருங்கள், சுத்தம் தானாக வரும் என்று பலர் அதைப் படித்துக்கொண்டார்கள். அந்த இருவருமே அது தானாக நடப்பதல்ல என்று எழுதியிருந்தார்கள்.

நொய்யல் தானாகச் சுத்தமாகவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலை போனது, துணி சாயமேற்ற ஈரோட்டுக்கும் வெளிமாநிலங்களுக்கும் ஓடியது. ஊர் பிறகு எழுந்து நின்றது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தியபின்தான்.

இங்கே இயற்பியல் ஒரு கணக்கைக் கேட்கிறது. சவ்வு வழியே அழுத்தி வடிகட்டினால் கழிவில் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பக் கிடைக்கும். மிஞ்சுவது அடர்ந்த உப்புக் கரைசல். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கித்தான் உப்பைப் பிரிக்க முடியும். கொதிநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 0.63 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஒரு கலத்தின் ஆவியைக் கொண்டே அடுத்த கலத்தைக் குறைந்த அழுத்தத்தில் கொதிக்க வைக்கும் பல அடுக்கு ஆவியாக்கி இந்தச் செலவைப் பல மடங்கு குறைக்கிறது. இருந்தாலும் பாய்லர் எரிந்தே தீரவேண்டும், பம்புகள் ஓடியே தீரவேண்டும். ஆறு தெளிவதற்கான விலையை வானம் கொஞ்சம் கொடுக்கிறது. இதனால் அந்தத் தீர்ப்பு தவறாகிவிடாது. உவர்ந்த கிணற்றுக்கு வேறு மருந்து இல்லை. ஆனால் நீர்க் கணக்கை மட்டும் பார்த்து நிறைவடையவும் முடியாது.

*

ஒரு லிட்டர் டீசலின் எடை 830 கிராம். அது எரிந்து வெளியேறும் கரியமில வாயுவின் எடை ஏறத்தாழ 2.6 கிலோ. டேங்கிலிருந்து போனதைவிட மூன்று மடங்கு எடை புகைபோக்கி வழியே வெளியே போகிறது. ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் கூட்டிக்கொள்வதால் 12 எடை 44 ஆகிறது. இந்தியர் ஒருவரின் பங்கு ஆண்டுக்குச் சராசரியாக 2 டன். அமெரிக்கர் ஒருவரின் பங்கு 14 டன். 1850-க்குப் பிறகு சேர்ந்த மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு கால்வாசி அளவு, இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று நான்கு. இதைச் சொல்லி வளரும் நாடுகள் மாநாடுகளில் வாதாடுவது முழு நியாயம். அந்த நியாயத்தால் தையல் ஹாலின் வெப்பம் ஒரு டிகிரியும் இறங்காது என்பதுதான் வேதனை.

ஈ. சோமநாதன், ரோகிணி சோமநாதன், அனந்த் சுதர்சன், மீனு தெவாரி ஆகியோர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இந்திய ஆலைகளின் பல ஆண்டுத் தரவுகளை வெப்பநிலையோடு ஒப்பிட்டது. ஆண்டின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஆலையின் உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். இயந்திரத்துக்கு வெப்பம் பெரிதல்ல, அதன் முன் உட்கார்ந்திருக்கும் உடலுக்குத்தான். வியர்த்துக் களைத்த கை மெதுவாக ஓடுகிறது, மறுநாள் வேலைக்கு வராமலும் போகிறது. பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவருக்கு அந்த 2 சதவீதம் நேரே வாரச் சம்பளத்தில் விழுகிறது. உலகின் கார்பன் ஏழை நாட்டின் வளர்ச்சியைத் தொடும் வழிகளில் புயலும் வெள்ளமும் தலைப்புச் செய்தியாகின்றன. ஏப்ரல் மாதத்துத் தகரக் கூரையின் கீழ் நடக்கும் இந்தச் சிறு இழப்பை யாரும் படம் பிடிப்பதில்லை.

பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலைகளில் அச்யுத அத்வார்யுவும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே மின்சாரச் செலவைக் குறைக்கத்தான் பழைய டியூப் லைட்டுகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளைப் போட்டார்கள். எல்.இ.டி. குறைவாகச் சுடும். மிஷினுக்கு மேலேயே தொங்கிய விளக்கின் சூடு குறைந்ததும், வெயில் நாட்களில் சரிந்துவந்த வேலைத்திறனின் பெரும்பகுதி மீண்டது. மின்கட்டணச் சேமிப்புக்காகச் செய்த மாற்றம் உற்பத்தியையும் உயர்த்தியது, கார்பனையும் குறைத்தது. வளர்ச்சியா சுற்றுச்சூழலா என்று மேடையில் மோதவிடும் பேச்சுகளைவிட, தலைக்கு மேலே விளக்கை மாற்றிய இந்தச் சின்னக் காரியம் பல மடங்கு கற்றுத்தருகிறது.

திருப்பூருக்கும் இப்படி ஒரு நல்வாய்ப்பு மேற்கே உண்டு. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பிதுங்கி வரும் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தெற்கே முப்பந்தலிலும் அதே கதை. மின்வெட்டுக்குப் பயந்தும் வரிச்சலுகைக்கு ஆசைப்பட்டும் நூற்பாலைக்காரர்களும் ஏற்றுமதியாளர்களும் 1990-களிலிருந்து அங்கே காற்றாலை நட்டார்கள். காற்று மாதங்களில் உபரி யூனிட்டை மின்வாரியத்தில் பேங்கிங் செய்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொண்டார்கள். பூமியைக் காப்பாற்ற நட்டவை அல்ல, ஆனாலும் நிலக்கரியைக் குறைத்தன. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்றாலை நிலக்கரிக்கு மாற்று, டீசலுக்கு அல்ல. சரக்கைத் தூத்துக்குடிக்கு இழுக்கும் லாரி மின்சாரத்தில் ஓடாதவரை, முப்பந்தலில் எவ்வளவு காற்று அடித்தாலும் எண்ணெய் பில் அசையாது.

அந்த பில் இறங்கிய காலமும் உண்டு. 2014 ஜூனில் 115 டாலரைத் தொட்ட பீப்பாய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. பெட்ரோல் பங்கில் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை, ஏனென்றால் மத்திய கலால் வரி பெட்ரோல் லிட்டருக்கு 9.48 ரூபாயிலிருந்து 21.48 ரூபாயாக ஏறியது. அரசின் பற்றாக்குறை குறைந்தது. வாங்குபவருக்கு வலிக்காமல் வரி போட அதைவிட நல்ல தருணம் இல்லை. ஆனால் அந்தப் பணத்தின் கணிசமான பங்கு எண்ணெய்ச் சார்பைக் குறைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தால், விலை மறுபடி ஏறிய 2022-ல் நிலைமை வேறாக இருந்திருக்கும். நிலக்கரிக்கும் இதுவே நடந்தது. 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய தூய்மை ஆற்றல் தீர்வை 2016-ல் 400 ரூபாயானது. வளரும் நாடு ஒன்று தானாக முன்வந்து கார்பனுக்கு வைத்த விலை அது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் நிதியாக மாற்றப்பட்டது. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் போயிருக்க வேண்டிய பணம் வேறு ஓட்டையை அடைக்கப் போனது. இது பெரிய இழப்பு.

*

சொந்த நாட்டில் போடத் தவறிய விலையை இப்போது மற்றவர்கள் எல்லையில் வைத்து வாங்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லைச் சீராக்கம் 2023 அக்டோபர் 1 அன்று கணக்கு கேட்பதாகத் தொடங்கியது. 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதிகளுக்குப் பணப் பொறுப்பும் சேர்ந்துவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில் உள்ளன. இந்திய எஃகு டன்னுக்குச் சராசரியாக 2.5 டன் கரியமில வாயுவை வெளிவிடுகிறது, உலகச் சராசரி 1.9 டன் அளவில் இருக்கிறது. கார்பன் விலை டன்னுக்கு 70 யூரோ என்று வைத்துக்கொண்டால் ஒரு டன் எஃகின் முழுச் சுமை 175 யூரோ. ஐரோப்பிய ஆலைகளுக்குத் தரும் இலவச ஒதுக்கீடு 2034 வரை படிப்படியாகத்தான் விலக்கப்படும் என்பதால் தொடக்கத்தில் இதில் சிறு பங்கே கட்டவேண்டும், பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏறும். நிலக்கரியை நம்பியதன் பில் ரோட்டர்டாம் துறைமுகத்தில் வந்து நிற்கிறது.

இந்தத் திட்டத்தின் நோக்கத்தை மறுக்க முடியாது. கார்பனுக்கு விலை இல்லாத இடத்துக்கு ஆலைகள் ஓடிப்போனால் உலகக் காற்றுக்கு லாபம் இல்லை. ஆனால் வசூலாகும் பணம் ஐரோப்பியக் கருவூலத்துக்குப் போகிறது, ஆலையை மாற்றக் கடன் தேடும் நாட்டுக்கு வருவதில்லை. இருநூறு ஆண்டு நிலக்கரி எரித்துச் செல்வமான கண்டம், தலைக்கு 2 டன் நாட்டிடம் வரி கேட்கும்போது, பணத்தின் ஒரு பங்கையாவது திருப்பித் தருவதுதான் முறை.

துணி அந்தப் பட்டியலில் இல்லை. எனினும் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த ஐரோப்பியச் சூழல் வடிவமைப்பு விதி, பொருளுக்குப் பொருள் டிஜிட்டல் அடையாள ஏடு கேட்கப்போகிறது. ஆடை அதன் முன்வரிசையில் இருக்கிறது. பெரிய பையர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் படிவங்களை இப்போதே அனுப்புகிறார்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. நூல் கோவைப் பக்கத்து மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஒரு சந்தில், சாயம் ஊருக்கு வெளியே, காம்பாக்டிங் வேறொரு இடம், பிரிண்டிங் ஜாப் வொர்க், கட்டிங்கும் தையலும் இன்னொரு பக்கம். ஒவ்வொருவரிடமும் தனி மின்கட்டண ரசீது, தனி டீசல் பில். சாயப்பட்டறை பாய்லரில் எரிவது பெரும்பாலும் விறகு, அதில் சீமைக் கருவேலம் உண்டு. அந்த மரம் வெட்டிய அடியிலிருந்தே மறுபடி துளிர்த்து, எரிந்து போன கார்பனைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே அதன் புகையைத் தனிக் கட்டத்தில் எழுதச் சொல்கின்றன கணக்கு விதிகள். எந்தக் காட்டிலிருந்து வெட்டியது, அங்கே மறுபடி வளர விட்டார்களா என்பதற்கு விறகு லாரிக்காரரிடம் ரசீது கிடையாது. சுத்திகரிப்பு நிலையத்தின் ஆவியாக்கி எரித்த வெப்பத்தை, அங்கே கழிவுநீர் அனுப்பும் பட்டறைகளுக்குள் பங்கு பிரிக்க வேண்டும். மில்லின் மின்சாரத்தில் எவ்வளவு காற்றிலிருந்து, எவ்வளவு அனல் நிலையத்திலிருந்து என்று மாதவாரியாகச் சொல்ல வேண்டும்.

நூல் விலையும் டாலர் ரேட்டும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு சிறு கம்பெனி முதலாளி இவற்றையெல்லாம் கூட்டி, பனியனுக்கு இத்தனை கிராம் என்று எழுதவேண்டும். படிவத்தில் அந்த எண்ணுக்கு ஒரு கட்டம் விடப்பட்டிருக்கிறது. ஷிப்மென்ட் தேதி அதற்குக் கீழே இருக்கிறது.